மணி அடிப்பதற்கு முன்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கிறது கம்பிரியா. ஏரிகளையும் மலைகளையும் பார்க்க ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் அங்கே போகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தோடுதான் போனேன். ஆனால் என் பையில் வேர்ட்ஸ்வொர்த் கவிதைகள் இல்லை. அந்த ஊர்த் தீயணைப்பு மீட்புத் துறை பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கும் இடர்த் திட்டத்தின் அச்சுப்பிரதி இருந்தது. இங்கிலாந்திலேயே அதிகம் மழை கொட்டும் ஊரில் தீயணைப்புக்காரர்களுக்கு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேலியாகக் கேட்டிருந்தார். கேலியானாலும் கேள்வி சரியானது. பென்ரித்தில் ரயிலைவிட்டு இறங்கி, கெஸ்விக் போகும் பஸ்ஸில் மாடி ஜன்னலோரம் இடம் பிடித்தேன்.

அந்த ஜன்னல் வழியே பார்த்தாலே சிக்கல் பாதி விளங்கிவிடும். கல் அடுக்கிய வேலிகள், செம்மறி ஆடுகள், மறுபடியும் கல்வேலிகள். எப்போதாவது ஒரு புகைபோக்கி. கவுன்டியின் பரப்பு 6,768 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 5 லட்சம். இவர்களுக்கு 38 தீயணைப்பு நிலையங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் வீரர் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. பூட்டிய கதவு, உள்ளே வண்டி, அவ்வளவுதான். அழைப்பு வந்தால் பேஜர் அலறும். தச்சரோ, கடைக்காரரோ, பள்ளிக்கூட உதவியாளரோ கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து கதவைத் திறப்பார்கள். நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில் வீடோ வேலையோ இருப்பவரைத்தான் வழக்கமாக இந்தப் பணிக்குச் சேர்ப்பார்கள்.

வண்டி எங்கே நிற்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் போய்ச்சேர வேண்டும் என்பதையெல்லாம் ஒருகாலத்தில் லண்டனே தீர்மானித்தது. 1947-இன் தீயணைப்புச் சட்டத்துக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் நாடு முழுவதையும் ஏ, பி, சி, டி என்று வகைபிரித்து வைத்திருந்தார்கள். ஏ என்றால் பெருநகரத்தின் நெரிசலான வணிகப் பகுதி: ஐந்து நிமிடத்தில் இரண்டு வண்டி, எட்டு நிமிடத்துக்குள் மூன்றாவது. டி என்றால் சிற்றூர்: இருபது நிமிடத்தில் ஒரே வண்டி. அதற்கும் அப்பால் 'ஒதுங்கிய கிராமப்புறம்' என்றொரு வகை உண்டு. அதற்கு நேரமே குறிக்கவில்லை. வரும்போது வரும்.

இந்தக் கணக்கில் இருந்த கோளாறு கட்டடத்தைக் கணக்கில் எடுத்து மனிதரை விட்டதுதான். இரவில் பூட்டிக் கிடக்கும் அலுவலகத் தெருவுக்கு மூன்று வண்டிகள் பறந்தன. மக்கள் இறந்துகொண்டிருந்ததோ வீட்டுப் படுக்கையறைகளில். 2002-இல் சம்பளத் தகராறு முற்றித் தீயணைப்பு வீரர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சர் ஜார்ஜ் பெய்ன் தலைமையில் அமைந்த குழு இதைத்தான் குறையாகச் சொன்னது. பழைய வகைப்பாடு போயிற்று. 2004-இல் புதிய சட்டம் வந்தது. அந்தந்த ஊர்த் துறை தன் ஊரின் ஆபத்துகளைத் தானே எடைபோட்டு, குறைந்தது மூன்றாண்டுக்கான திட்டம் எழுதி, மக்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட வேண்டும் என்பது ஏற்பாடு. சமூக இடர் மேலாண்மைத் திட்டம் என்பது இன்று அதன் பெயர். நிமிடக் கணக்கையும் ஊரே வைத்துக்கொள்ளலாம். வைத்ததை ஊரறியச் சொல்ல வேண்டும்.

சொல்வது எளிது. அந்தத் தாள் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்பதை பாரோடேல் பள்ளத்தாக்கில் பார்க்கக் கிடைத்தது.

கெஸ்விக்கிலிருந்து தெற்கே டெர்வென்ட்வாட்டர் ஏரியை உரசிக்கொண்டு ஒற்றைச் சாலை போகிறது. எதிரே வண்டி வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டிய இடங்கள் உண்டு. அந்தச் சாலையின் கோடியில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினேன். எண்பதைத் தொட்ட மூதாட்டி, கணவர் போன பிறகு மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விட்டுக் காலம் தள்ளுகிறார். என் அறையில் தீ எச்சரிக்கைக் குறிப்பு, நிலைக்கதவுக்கு மேல் விளக்கு, படிக்கட்டு முகப்பில் ஸ்மோக் அலாரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இருக்கத்தான் வேண்டும். 2005-இன் தீப் பாதுகாப்பு ஆணைப்படி காசு கொடுத்துத் தங்குகிறவரின் அறைக்கு வீட்டுக்காரரே பொறுப்பாளி. 2023 அக்டோபரிலிருந்து ஆபத்து மதிப்பீட்டை எழுதியும் வைக்க வேண்டும். ஆனால் அந்த ஆணை மூதாட்டியின் சொந்தப் படுக்கையறை வாசலில் நின்றுவிடும். அதற்கு உள்ளே போக யாருக்கும் அதிகாரம் இல்லை. அவராகக் கூப்பிட்டால்தான் உண்டு.

கூப்பிட்டிருந்தார். காலை பத்து மணி வாக்கில் சிறிய வேன் ஒன்று வந்தது. இறங்கியவரிடம் ஹெல்மெட்டோ பூட்ஸோ இல்லை. கையில் ஒரு பெட்டியும் டேப்லட்டும். வீட்டுக்கு வந்து தீப் பாதுகாப்பைப் பார்த்துச் சொல்கிறவர். யாருக்கு முதலில் இந்தச் சேவை என்பதைத் திட்டம்தான் முடிவு செய்கிறது: வயது, தனிமை, நடமாட்டக் குறைவு, புகைபிடித்தல், மறதிநோய், குடி. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்கள் பற்றிய விவரங்களை மருத்துவச் சேவையே தீயணைப்புத் துறைகளோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2015-இல் தொடங்கியது. வண்டி நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தோடு தனியாக இருப்பவரைக் காட்டும் வரைபடமும் சேர்ந்தது அப்படித்தான்.

தேநீர் வந்தது, கூடவே பேச்சு. அவர் எதையும் சோதிப்பதுபோலக் காட்டிக்கொள்ளவில்லை. மின்சாரப் போர்வையை மடித்து வைப்பீர்களா, சுருட்டி வைப்பீர்களா என்று கேட்டார். மடித்தால் உள்ளே கம்பி முறியுமாம். கால் வறட்சிக்குப் பூசும் களிம்பை எடுத்துப் பார்த்தார். பாரஃபின் கலந்த களிம்பு துணியில் ஊறிவிட்டால் ஒரு பொறி போதும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. இரவு காதுக்கருவியைக் கழற்றிவிட்டுத்தான் தூங்குவீர்கள், அப்போது அலாரம் கேட்குமா என்றார். மூதாட்டி சிரித்தார். "இடி விழுந்தாலும் கேட்காது." பெட்டியிலிருந்து வட்டமான தட்டு ஒன்று வெளியே வந்தது. தலையணைக்கு அடியில் வைக்க வேண்டியது. அலாரம் அடித்தால் அது கிடுகிடுவென்று அதிரும். கையில் கொடுத்து அழுத்திக் காட்டியபோது மூதாட்டி தேநீரைச் சிந்திவிட்டார்.

கடைசியாகக் கணப்புக்கு எதிரே இருந்த சாய்வு நாற்காலியருகே வந்தார்கள். குனிந்து அடிப்பக்கம் துழாவினார் வந்தவர். தீப்பாதுகாப்புச் சீட்டு இல்லை. 1979-இல் மான்செஸ்டரின் உல்வொர்த் கடையில் அறைகலன்கள் பற்றியெரிந்து பத்துப் பேர் இறந்தார்கள். அதைப்போன்ற தீவிபத்துகளுக்குப் பிறகு, 1988-இல் மெத்தை நுரைக்குக் கடுமையான விதிகள் வந்தன. அதற்கு முன் செய்த நாற்காலி எரிந்தால் கொல்வது அனல் அல்ல, அந்த நுரையின் நச்சுப்புகை.

"இதை மாற்றிவிடலாமே?"

"அது அவருடைய நாற்காலி."

வந்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. நாங்கள் இருவருமாக அதைத் தூக்கிக் கணப்பிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வைத்தோம். தூங்கப் போகும் முன் உள்கதவுகளைச் சாத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வாசலில் வைத்து நான் கேட்டேன்: இங்கே தீப்பிடித்தால் வண்டி வர எவ்வளவு நேரமாகும்? சுற்றிவளைக்காமல் சொன்னார்: "கெஸ்விக்கில் ஆள் கூடி, இந்தச் சாலையில் வரவேண்டும். இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி விழுந்தால் என்னால் சொல்ல முடியாது." இன்றைய வீட்டுச் சாமான்களோடு ஓர் அறை முழுவதும் பற்றிக்கொள்ள ஐந்து நிமிடம்கூட வேண்டாம். அந்த இருபதைப் பத்தாக்க முடியாது. மலையை நகர்த்த வேண்டியிருக்கும். ஆகவே தீ பிடிக்காமல் பார்ப்பது, பிடித்தால் முதல் நிமிடத்திலேயே எழுப்புவது, கதவைச் சாத்திப் புகையைத் தடுப்பது என்று எதிர்முனையிலிருந்து நிமிடங்களைச் சேர்க்கிறார்கள். திட்டத்தில் 'தடுப்பு' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் இருந்ததை வழக்கமான உபதேசம் என்று தாண்டிவந்திருந்தேன். அந்த நாற்காலியைத் தூக்கிய பிறகு திரும்பப் படித்தேன்.

ஆள் கூடுவது பற்றிக் கெஸ்விக்கில் வேறொரு கதை கேட்டேன். சைக்கிள் கடை ஒன்றில் பேஜரை இடுப்பில் செருகியிருந்தவர் சொன்னது அது. பாதி நேர வீரர் கிடைப்பது ஏன் குதிரைக்கொம்பாகிவிட்டது என்று கேட்டதற்கு, வெளியே கைகாட்டினார். எதிர்வரிசை வீடுகளில் பல விடுமுறை வாடகை வீடுகள். சாவிப்பெட்டி தொங்கும் கதவுகள். விலை ஏறி, உள்ளூர் இளைஞர்கள் குடும்பத்தோடு தள்ளிப் போய்விட்டார்கள். ஐந்து நிமிடத் தொலைவில் ஆளில்லை என்றால் வண்டி இருந்தும் இல்லாத கணக்குதான். பகல் வேளைகளில் இது இன்னும் மோசம்; இருப்பவர்களும் வெளியூரில் வேலையில் இருப்பார்கள். இந்த ஏரிகளும் மலைகளும் அடங்கிய தேசியப் பூங்காவுக்குள் நிலையாகக் குடியிருப்பவர்கள் சுமார் 40,000 பேர்தான். வந்துபோகிறவர்கள் கோடிக்கணக்கில். குடிக்கணக்கு எடுப்பவர் முதல் எண்ணைத் தருகிறார். மலைச்சாலையில் கவிழும் காரும் காய்ந்த புல்வெளியில் தூக்கிப்போட்ட கரி அடுப்பும் இரண்டாவது எண்ணிலிருந்து வருகின்றன.

இதே பள்ளத்தாக்கிலிருந்து அவசர உதவிக்கு 999-ஐ அழைத்தால் எடுப்பவர் கம்பிரியாவிலேயே இருக்கமாட்டார். 2014 முதல் நான்கு துறைகளுக்குப் பொதுவான கட்டுப்பாட்டு அறை நூறு மைலுக்கு அப்பால் வாரிங்டனில் இருக்கிறது. வெள்ளக்காலத்தில் அழைப்புகள் குவியும்போது பெரிய அறை நல்லதுதான். ஆனால் எந்தப் பாலம் எந்த மழைக்கு முழுகும் என்ற உள்ளூர் அறிவு இனி ஒருவர் தலைக்குள் இருந்தால் பயனில்லை. எழுத்தில் ஏறியாக வேண்டும்.

பஸ் ஹானிஸ்டர் கணவாயில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. மேலே கற்பலகைச் சுரங்கத்தின் வாசலில் இறங்கி நின்றேன். 2015 டிசம்பர் 5 மாலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இந்த இடத்தில் 341.4 மில்லிமீட்டர் பெய்தது. பிரிட்டனில் 24 மணி நேர மழைக்கு அதுதான் உச்சம். தமிழ் வாசகருக்கு அந்த வாரத்தை நினைவூட்ட வேண்டியதில்லை: அதற்கு நான்கு நாள் முன்புதான் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிச் சென்னை மூழ்கியிருந்தது. இந்தக் கணவாயில் விழுந்த தண்ணீர் பாறைச்சரிவுகளில் வழிந்து டெர்வென்ட்டிலும் காக்கர் ஆற்றிலும் இறங்கும். அவை இரண்டும் சேரும் இடம் காக்கர்மத்.

வேர்ட்ஸ்வொர்த் 1770-இல் பிறந்த ஊர் அது. அதன் பிரதான வீதி நடுவே ஒரு சிலை நிற்கிறது: மேயோ பிரபு. இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, பிறகு இந்தியாவின் வைஸ்ராயாகி, 1872-இல் அந்தமானில் ஒரு கைதியின் கத்திக்கு இரையானவர். 2009 நவம்பரில் அவரைச் சுற்றி இரண்டு மீட்டருக்கு மேல் ஆறு ஓடியது. பாரோடேலின் மலையடிவாரச் சீத்வெய்ட்டில் 24 மணி நேரத்தில் 316.4 மில்லிமீட்டர் பெய்ததன் விளைவு. ஏறத்தாழ 200 பேரைப் படகுகளிலும் ஹெலிகாப்டர்களிலும் மீட்டார்கள். வீதியில் ஒரு கடைக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தேன். மின் பிளக்குகள் எல்லாம் மார்பளவு உயரத்தில் இருந்தன. தரையில் ஓடு, வாசல் சட்டத்தின் இருபுறமும் பலகை செருகும் காடி. கடைக்காரருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. 2013-இல் 44 லட்சம் பவுண்டில் சுவர் எழுப்பினார்கள். அதில் ஒரு பகுதி ஆற்று நீர் ஏற ஏறத் தானே எழும் தடுப்பு. இரண்டே ஆண்டில் 2015 வெள்ளம் அதையும் தாண்டி வந்தது. என்றாலும் முந்தைய முறையைவிடக் குறைந்த வீடுகளே நனைந்தன.

ஆறு கடலில் சேரும் ஒர்க்கிங்டனில் 2009 நவம்பர் 20 விடியலில் நார்த்சைடு பாலம் இடிந்தது. வாகனங்களைப் பாலத்துக்குப் போகவிடாமல் திருப்பிக்கொண்டிருந்த காவலர் பில் பார்க்கர் அதோடு போனார். நடைபாலமும் இடிந்தது, எஞ்சிய பழைய பாலமும் விரிசல் விட்டு மூடப்பட்டது. ஊர் இரண்டாகிவிட்டது. எதிர்க்கரைக்குப் போகப் பல மைல் சுற்ற வேண்டியிருந்தது. பத்து நாளுக்குள் வடகரையில் தற்காலிக ரயில் நிலையம் அமைத்தார்கள். டிசம்பரில் ராணுவம் ஒரு நடைபாலம் கட்டியது. அதற்குப் பார்க்கரின் பெயர். இடர்த் திட்டம் எழுதுகிறவருக்கு இந்த ஊர் ஒரு பாடம். வண்டியிலிருந்து வீட்டுக்கு நான்கு நிமிடம் என்று கணினி சொல்லும் கோடு ஒரு பாலத்தின் மேல் போகிறது என்றால், அந்த நான்கு நிமிடத்தை அந்தப் பாலமும்தான் தருகிறது.

இங்கேதான் சட்டத்தில் ஒரு வினோதம். வெள்ளத்தில் மீட்பது ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் தீயணைப்புத் துறையின் சட்டக் கடமை. இங்கிலாந்தில் இல்லை. 2004 சட்டம் தீயையும் சாலை விபத்தையும் கடமையாக வைத்தது. வெள்ளத்துக்குப் போகலாம் என்று அதிகாரம் தந்ததோடு சரி. கடமை இல்லாத வேலைக்குத் தனியாகப் பணம் கேட்பது கடினம். படகு, நீரில் இறங்கும் உடை, பயிற்சி எல்லாவற்றையும் மற்ற செலவிலிருந்து மிச்சம் பிடித்தே வாங்க வேண்டும். இங்கிலாந்தில் எத்தனை அரசு வந்தும் தீயணைப்புத் தொழிற்சங்கத்தின் இந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. கம்பிரியாவின் திட்டம் சட்டம் விட்ட இடத்தை ஊரின் அனுபவத்தால் நிரப்புகிறது. நண்பரின் கேள்விக்குப் பதிலும் அதில் இருந்தது: மழை ஊரில் தீயணைப்புக்காரருக்கு மழையே வேலை.

தீயையும் இந்தக் கரை மறந்துவிடவில்லை. ஒர்க்கிங்டனிலிருந்து கடலோர ரயிலில் தெற்கே போனால் செல்லாஃபீல்டின் கோபுரங்களும் கொட்டகைகளும் கண்ணில் படும். 1957 அக்டோபர் 10 அன்று அங்கே, அப்போது விண்ட்ஸ்கேல் என்று பெயர், அணு உலைக்குள் யுரேனியம் பற்றியெரிந்தது. தண்ணீர் ஊற்றினால் வெடிக்குமோ என்ற பயத்தோடுதான் மறுநாள் ஹோஸை உள்ளே செலுத்தினார்கள். சுமார் 500 சதுர கிலோமீட்டர்ப் பண்ணைகளின் பால் வாரக்கணக்கில் கொட்டப்பட்டது. இன்று அந்த வளாகத்துக்கெனத் தனித் தீயணைப்புப் படை உண்டு. எப்போதும் நடக்காது என்று நம்பப்படுகிற, நடந்தால் தாங்கமுடியாத ஒன்றையும், வாரம் தவறாமல் நடக்கிற சமையலறைத் தீயையும் ஒரே பட்டியலில் வைத்து எடைபோட வேண்டியிருக்கிறது. எவ்வளவு சாத்தியம், எவ்வளவு சேதம் என்ற இரண்டையும் பெருக்கிப் பார்ப்பது முறை. காவல், மருத்துவம், உள்ளாட்சி எல்லோரும் சேர்ந்து தயாரிக்கும் மாவட்ட இடர்ப் பதிவேடும் இதே முறையில்தான். முறை சரி, ஆனால் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பெருக்கினால் வரும் விடையை யாரும் முழுசாக நம்புவதில்லை.

பயணத்தின் கடைசி ஊர் கார்லைல். 2005 ஜனவரி வெள்ளத்தில் இங்கே மூன்று பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 1,800 வீடுகளும் கடைகளும் முழுகின. முழுகியவற்றில் நகராட்சி அலுவலகம், காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் மூன்றும் அடக்கம். மீட்கப் போக வேண்டியவர்களே தங்கள் கட்டடத்திலிருந்து வெளியேற வேண்டியிருந்தது. பிறகு நகரின் கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டு புதிய நிலையங்கள் கட்டினார்கள். ஆறு பிளந்தாலும் இரு பக்கமும் ஒரு வண்டி நிற்கும். ஊரின் ஆபத்துப் பட்டியலில் தன் பெயரையும் சேர்க்கத் துறை கற்றுக்கொண்டது இங்கேதான்.

அந்த இரண்டு நிலையங்களுக்கும் இனி எதிரி வெள்ளம் அல்ல, நல்ல செய்திதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்துத் தீயணைப்புத் துறைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் அழைப்புகளுக்குப் போகின்றன. அவற்றில் உண்மையான தீ நான்கில் ஒன்று அளவுக்கு இறங்கிவிட்டது. ஸ்மோக் அலாரம், புதிய மெத்தைகள், குறைந்துபோன புகைப்பழக்கம் எல்லாம் வேலை செய்கின்றன. தீ குறைந்தால் வண்டி எதற்கு என்று நிதித்துறை கேட்கும். 2014 ஜனவரியில் லண்டன் ஒரே நாளில் பத்து நிலையங்களை மூடியது. தடுப்பு ஜெயிக்க ஜெயிக்க மீட்பின் கை சுருங்குகிறது. சராசரி நாளுக்கு அது போதும். 2015 டிசம்பர் 5 போன்ற ஒரு நாளுக்கு இருப்பது அத்தனையும் வேண்டும்.

திட்டத்தை ஊர்முன் வைக்கச் சொன்னதன் பயன் நிலையங்களைக் குறைக்கும் பேச்சு வரும்போதுதான் தெரியும். 2018 முதல் துறைகளைச் சோதிக்கத் தணிக்கையாளர்கள் வருகிறார்கள். ஆனால் அவர்கள் மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நிலையத்தை மூடுகிறோம் என்றால் எங்கள் கிராமத்துக்கு வண்டி வர எத்தனை நிமிடம் கூடும், அதற்கு ஈடாக என்ன செய்வீர்கள் என்று கேட்க ஊருக்குத்தான் உரிமையும் அவசியமும் இருக்கிறது. கேட்பதற்குக் கையில் எண் வேண்டும். பழைய முறையில் ஒதுங்கிய கிராமத்துக்கு எண்ணே இல்லை. இன்று பாரோடேல் வாசலில் நின்று ஓர் ஊழியர் இருபது நிமிடம் என்று சொல்கிறார். அந்த இருபது பிடிக்காதவர் அடுத்த கருத்துக்கேட்பில் சண்டை போடலாம். கம்பிரியாவில் நான் படித்த திட்டத்தின் தகுதி எனக்கு அதில்தான் தெரிகிறது: எங்கே தாமதமாவோம் என்பதை எழுதிக் கையெழுத்திட்டு, எதிர்த்துப் பேசுங்கள் என்று விட்டிருக்கிறார்கள்.